டெஃபர் என்று வந்திருக்கிறது, இனி என்ன செய்வது?

கேள்வி:

எங்கள் மகள் 12ஆம் வகுப்புப் படிக்கிறாள். நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளிக் குழுவோடு ராரிட்டன் ஆற்றில் சேரும் ஓடைகளில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பதை இரண்டு வருடமாகச் செய்து வருகிறாள். ஒரு பெரிய கல்லூரிக்கு எர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் முறையில், விண்ணப்பித்திருந்தாள். சில நாட்களுக்கு முன் முடிவு வந்தது. கிடைத்தது என்றும் இல்லை, கிடைக்கவில்லை என்றும் இல்லை. டெஃபர், அதாவது முடிவைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று போட்டிருக்கிறார்கள். அன்று இரவு 7 மணிக்கு அறைக் கதவைச் சாத்தியவள் சுட்டு வைத்த தோசையைத் தொடவில்லை. பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், பேச்சே இல்லை. உடனே வேறொரு கல்லூரிக்கு எர்லி டிசிஷன் 2, அதாவது அதன் இரண்டாவது சுற்றில் போட வேண்டும் என்கிறார் என் கணவர். டெஃபர் போட்ட கல்லூரியில் படித்த உறவினர் ஒருவரைச் சிபாரிசுக் கடிதம் எழுதச் சொல்லலாமா என்றும் கேட்கிறார். நான் தினமும் கல்லூரி முடிவு வரும் அவளுடைய இணையப் பக்கத்தை, அந்தப் போர்ட்டலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையனுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்ததாக ஸ்வெட்ஷர்ட் படம் போட்டிருக்கிறார்கள். கடைசியில் இந்த மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ்தானா என்று இப்போதே ஒருவர் கேட்டுவிட்டார். நான் அந்தக் காலத்தில் கட்-ஆஃப் பார்த்து, கவுன்சிலிங் போய், இடம் வாங்கிப் படித்தவள். இங்கே நடப்பது எனக்குப் புரியவில்லை. எங்கே குறைந்துவிட்டாள் என் மகள்? மார்ச் வரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

ஒரு அம்மா, எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேதிகள் நெருக்குவதால் உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். 20 ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிக் கவுன்சிலராக இருக்கிறேன். டிசம்பர் நடுவில் முடிவுகள் வரும் அந்த வாரத்தில் நம் பெற்றோர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: எங்கே குறைந்துவிட்டாள்? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கவுன்சிலிங் போன காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து 300க்கு ஒரு கட்-ஆஃப். தசமப் புள்ளி வரை கணக்கு, அதை வைத்து ஒரு ரேங்க். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பது அரங்கத்தில் திரையிலேயே தெரியும். அரை மார்க்கில் இடம் போயிருந்தால், அந்த அரை மார்க் எந்தக் கேள்வியில் போனது என்பது வரை ஆயுளுக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் அந்த அரை மார்க்கைத் தேடுகிறோம். இங்கே அப்படி ஒரு ரேங்க் பட்டியலே கிடையாது. ஒரே வகுப்பை நிரப்ப எத்தனை பொறியியல் மாணவர்கள் வேண்டும், எந்தெந்த மாநிலங்களிலிருந்து வேண்டும், இசைக்குழுவில் யாருடைய இடம் காலியாகிறது, விளையாட்டு அணிக்கு யார் வருகிறார்கள் என்று கல்லூரி தனக்கென்று ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு உங்கள் மகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத கணக்கில் பிள்ளையின் குறையைத் தேடினால், இல்லாத குறையைக் கண்டுபிடித்து அவள் தலையில் வைத்துவிடுவோம்.

டெஃபர் என்றால் இதுதான்: அவளுடைய விண்ணப்பம் அப்படியே ரெகுலர் டிசிஷன் என்ற வழக்கமான சுற்றின் கட்டுக்குப் போகிறது. ஜனவரியில் வந்து சேரும் மற்ற எல்லா விண்ணப்பங்களோடும், அவளுடைய 12ஆம் வகுப்பு முதல் அரையாண்டு மதிப்பெண்களோடும் சேர்த்து இன்னொரு முறை படிப்பார்கள். மார்ச் கடைசி வாக்கில் முடிவு சொல்வார்கள். சில கல்லூரிகள் டிசம்பரிலேயே பலரை மறுத்துவிட்டுக் கொஞ்சம் பேரை மட்டும் டெஃபரில் வைக்கும். சில கல்லூரிகள் இடம் தராத பெரும்பாலோரையும் டெஃபரில் வைத்துவிடும். அதனால் அந்த ஒரு சொல்லை வைத்து அவள் எவ்வளவு பக்கத்தில் வந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடும் போட்டி உள்ள கல்லூரிகளில் டெஃபர் ஆனவர்களுக்கு மார்ச்சில் இடம் கிடைப்பது குறைவுதான். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணிடம் "கவலைப்படாதே, மார்ச்சில் வந்துவிடும்" என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்த வேண்டும் என்பதற்காகச் சொன்னது. வரவில்லை. முதல் முறையை விட இரண்டாவது முறை அவளுக்கு அதிகம் வலித்தது. அதற்கு என் வாக்கும் ஒரு காரணம். அன்றிலிருந்து யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். "கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், இரண்டுக்கும் நாம் தயாராக இருப்போம்" என்றால் போதும். 17 வயதுப் பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்கத் தெரியும். நாம் பூசி மெழுகினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மாணவி, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டு அது. டெஃபர் ஆன நிமிடமே அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. மார்ச்சில் அதே கல்லூரி இடம் கொடுத்தாலும் அவள் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்ற கல்லூரிகள் தரும் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து மே 1க்குள் முடிவு செய்யலாம். எத்தனையோ வீடுகளில் பணத்தைப் பற்றி முதல்முறையாக உட்கார்ந்து பேசுவதே டெஃபருக்குப் பிறகுதான். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும், உதவித்தொகை போக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று அது தோராயமாகக் காட்டும். ஒரு சாயங்காலம் நீங்களும் கணவரும் உட்கார்ந்து அதைப் போட்டுப் பாருங்கள். உங்கள் விசா நிலையைக் கடிதத்தில் சொல்லவில்லை. மகள் எச்-4இல், அதாவது எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில் இருந்தால், ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தின் வழியாக வரும் மத்திய அரசு உதவி அவளுக்குக் கிடைக்காது. பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே வைத்துப் பார்க்கும். அப்படியானால் இந்தக் கணக்கை இன்றைக்கே போட வேண்டும்.

அவசரமான விஷயம் மற்ற விண்ணப்பங்கள். பல கல்லூரிகளின் ரெகுலர் கெடு ஜனவரி 1ஐ ஒட்டி வருகிறது. எர்லி டிசிஷனில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மற்ற எஸ்ஸேக்களைப் பாதியில் விட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. உங்கள் மகளும் அப்படித்தான் வைத்திருக்கிறாள் என்றால், துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பள்ளி மூடினால் எங்கள் அலுவலகமும் மூடிவிடும். எந்தெந்தக் கல்லூரிக்கு டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி அனுப்பும் மதிப்பெண் பதிவு) போக வேண்டும் என்ற பட்டியலை அதற்கு முன்னால் அவளுடைய கவுன்சிலருக்கு அவள் அனுப்பிவிட வேண்டும். டிசம்பர் 30 இரவு எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி இதைப் பற்றித்தான்.

இப்போது எர்லி டிசிஷன் 2. டஃப்ட்ஸ், வாண்டர்பில்ட், எமரி, ஷிகாகோ, நியூயார்க் பல்கலைக்கழகம் போன்ற பல இடங்களில் இது இருக்கிறது. கெடு பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்துக்குள் வந்துவிடும். முடிவு பிப்ரவரி நடுவில். இதுவும் கட்டுத்தான். அங்கே இடம் கிடைத்தால் டெஃபர் ஆன விண்ணப்பம் உட்பட மற்ற எல்லாவற்றையும் அவள் திரும்பப் பெற வேண்டும். அதாவது மார்ச் வரை காத்திருக்கும் அந்த முதல் கல்லூரியின் கதவை அவளே சாத்துகிறாள். தெரிந்தே சாத்த அவள் தயாரா என்று கேட்க வேண்டியது அவளை. உங்கள் கணவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. கை கட்டிக்கொண்டு உட்கார அப்பாக்களால் முடிவதில்லை. ஆனால் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டு, பிப்ரவரியில் இடமும் கிடைத்து, சந்தோஷப்பட முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு சோதனை உண்டு. அந்தக் கல்லூரியில் என்ன பாடம் எடுப்பாய், எந்த ஆய்வகத்தில் வேலை செய்ய ஆசை என்று கேட்டால், கம்ப்யூட்டரைத் திறக்காமல் பத்து நிமிடம் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால், பணக் கணக்கும் ஒத்து வந்தால், போடலாம். முடியாவிட்டால் ரெகுலரில் விண்ணப்பிக்கட்டும்.

சிபாரிசுக் கடிதம் வேண்டாம். உறவினர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், உங்கள் மகளோடு வேலை செய்து பார்க்காத ஒருவரின் கடிதத்தில் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அட்மிஷன் அலுவலகத்துக்கு நீங்களோ கணவரோ போன் செய்யவும் வேண்டாம், நேரில் போய் நிற்கவும் வேண்டாம். முதலில் டெஃபர் கடிதத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். அழுத கண்ணோடு முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மூன்றாவது பத்தியில்தான் விஷயமே இருக்கும். கூடுதலாக எதையும் அனுப்பாதீர்கள் என்று சில கல்லூரிகள் எழுதியிருக்கும். அப்படியானால் அனுப்பக் கூடாது. போர்ட்டலிலேயே ஒரு படிவம் வைத்திருப்பார்கள் சிலர். எதுவும் சொல்லவில்லை என்றால், எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது என்று அவள் ஒரு கடிதம் எழுதலாம். ஒரு பக்கத்துக்குள். ஒரே ஒரு முறை.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவள் கையில் உண்மையாகவே மிச்சம் இருப்பது அதுவும் இந்த அரையாண்டு மார்க்கும்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு அப்பா தன் மகனோடு என் அறைக்கு வந்தார். டெஃபருக்குப் பதில் கடிதம், இரண்டு பக்கம், நேர்த்தியாக டைப் செய்து கொண்டுவந்திருந்தார். முதல் வரியிலேயே 'யுவர் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷன்'. நான்காவது வரியில் 'கைண்ட்லி கன்சிடர்'. நம் ஊரில் ஆபீஸுக்கு லீவ் லெட்டர் எழுதிப் பழகிய யாருக்கும் அந்தக் கை யாருடையது என்று தெரிந்துவிடும். அட்மிஷன் அலுவலகத்திலும் தெரிந்துவிடும். பையன் தலையைக் குனிந்துகொண்டு ஷூ நாடாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, நவம்பருக்குப் பிறகு என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். அப்புறம் மெதுவாக, இயற்பியல் லேப்பில் ஒரு ஊசல் சோதனை மூன்று வாரமாகத் தப்பாகவே வந்துகொண்டிருந்தது, மேலே இருக்கும் ஹீட்டர் ஓடும்போதெல்லாம் காற்று அடித்து அது விலகுகிறது என்று கண்டுபிடித்தேன் என்றான். அட்டைப்பெட்டியை வெட்டி அதற்கு ஒரு மறைப்புக் கட்டியிருக்கிறான். சொல்லச் சொல்ல முகம் மாறியது. அதையே எழுது என்றேன். அரைப் பக்கம் எழுதினான். அந்தக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அதே பத்தியை இன்னொரு கல்லூரியின் எஸ்ஸேயில் போட்டான், அங்கே கிடைத்தது. நான்கு வருடம் நன்றாகப் படித்தான்.

உங்கள் மகளுக்கு ஓடை இருக்கிறது. இது குளிர்காலம். பனி பெய்தால் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். பனி உருகும்போது அந்த உப்பு அப்படியே ஓடையில் இறங்கும். தண்ணீர் சோதிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். பனிக்கு முன்னால் எடுத்த தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருந்தது, உருகிய மறுநாள் எவ்வளவு, ஒரு வாரம் கழித்து எவ்வளவு என்று ஜனவரியில் அவள் எடுக்கும் மூன்று பாட்டில் தண்ணீர், சிறு வயதிலிருந்தே உங்கள் கல்லூரிதான் என் கனவு என்று எழுதும் பத்து வரியை விட அதிகம் பேசும். அவளே இதைவிட நல்ல விஷயம் ஒன்றை வைத்திருக்கலாம், கேளுங்கள். இடம் கொடுத்தால் நிச்சயம் சேருவேன் என்ற வரியை, அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதட்டும். இன்றைக்கே எழுத வேண்டாம். மற்ற விண்ணப்பங்களை முடித்துவிட்டு ஜனவரி நடுவில் உட்காரட்டும். கோபமும் அழுகையும் வடிந்த பிறகு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள், அதுவும் அவள் கேட்டால்.

மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது மார்க்கிங் பீரியட் முடிந்ததும் மிட்-இயர் ரிப்போர்ட் என்று பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும். இந்த ஐந்தாறு வாரத்தில் மனம் தளர்ந்து கால்குலஸில் சறுக்கினால் அது அங்கே தெரியும். மனம் சரியில்லாத பிள்ளையிடம் படி படி என்று சொல்வதில் பயனில்லை, எனக்கும் தெரியும். அவள் படிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நீங்களும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பேசாமல் உட்காருங்கள். அது பலருக்கு உதவுகிறது.

அப்புறம் அந்தப் போர்ட்டல். சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைக் கஷ்டப்படுத்திய வரி அதுதான். மார்ச் வரை அதில் புதிதாக எதுவும் வரப்போவதில்லை. வருகிற அன்று அதை முதலில் பார்க்க வேண்டியவள் அவள். ஒருநாள் நீங்கள் அவளுக்கு முன்னால் பார்த்துவிட்டு, முகத்தை மறைக்கத் தெரியாமல் நிற்பீர்கள். கடவுச்சொல்லை அவளையே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றியதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். விண்ணப்பம் அவளுடையது என்று பத்து முறை வாயால் சொல்வதை விட இது அவளுக்கு நன்றாகப் புரியும்.

வாட்ஸ்அப் குழுவை மார்ச் வரை மியூட் செய்துவிடுங்கள். அந்தப் பையனுக்கு மனசார ஒரு வாழ்த்துப் போட்டுவிட்டு மியூட் செய்யுங்கள். அவனும் நம் பிள்ளைதான். புத்தாண்டு அன்று பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போவீர்கள், பிரசாத வரிசையில் நாலு பேர் கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே மகளிடம் கேட்டுக்கொண்டு போங்கள். "இன்னும் சில கல்லூரிகளுக்குப் போட்டிருக்கிறாள், வசந்தத்தில் தெரியும்" என்பது போதுமென்பாள். டெஃபர் என்ற சொல்லே வெளியில் போக வேண்டாம் என்று அவள் நினைத்தால், போகக் கூடாது. ஊரில் இருக்கும் பாட்டிக்கும் அதே பதில்தான்.

ரட்கர்ஸ்தானா என்று கேட்டவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்களோ தெரியாது. வீட்டுக்குள் அந்தத் தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று நாம் உதட்டைப் பிதுக்கிய கல்லூரிக்கே ஆகஸ்டில் அவள் பெட்டி கட்ட வேண்டியிருக்கலாம். அப்போது அவள் தோற்றவளாகப் போகக் கூடாது. ரட்கர்ஸ் பொறியியல் வகுப்புகள் நடக்கும் புஷ் வளாகம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான பிஸ்கேட்டவேயில் இருக்கிறது. 1943இல் காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது ரட்கர்ஸின் ஆய்வகத்தில்தான். மண்ணையும் தண்ணீரையும் படிக்க நினைக்கும் பெண்ணுக்கு அது சின்ன இடம் இல்லை. அவள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் அவளுக்குப் பிடித்த ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். பிடிக்காத கல்லூரியை, எப்படியும் இடம் கிடைத்துவிடும் என்பதற்காக, சேஃப்டி என்று பட்டியலில் வைத்திருப்பதில் என்ன பாதுகாப்பு?

அவள் மௌனத்தைப் பற்றி. ஒரு வாரம், பத்து நாள் இப்படி இருப்பது இயல்பு. நான்கு வருட உழைப்பு அது, அழட்டும். கதவைத் தட்டி ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இல்லை. தட்டை வைத்துவிட்டு, "பேச வேண்டும் என்றால் நான் கீழேதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எங்கே தப்பு நடந்தது என்ற விசாரணையை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதீர்கள். ஆனால் தூக்கம் அடியோடு கெட்டால், பல நாள் சாப்பாடு இறங்காவிட்டால், நண்பர்களையும் ஒதுக்கினால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதைக் கல்லூரிக் கவலை என்று தள்ளிவிடாதீர்கள். உயிரை விட வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்த நாட்டில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பெற்றோரும் அழைக்கலாம். பள்ளிக் கவுன்சிலருக்கும் குழந்தை மருத்துவருக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். நம் வீடுகளில் வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று இதைத் தள்ளிப்போடுகிறோம், தள்ளிப்போடவே கூடாது.

மார்ச் முடிவு வரும் நாளைப் பற்றி இப்போதே ஒரு ஐந்து நிமிடம் அவளோடு பேசி வையுங்கள். யார் அறையில் இருக்க வேண்டும், தனியாகப் பார்க்க வேண்டுமா, பார்த்த பிறகு எங்கே போகலாம் என்று. என் பிள்ளைகளில் ஒருத்தி, என் மாணவியைத்தான் சொல்கிறேன், காரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சரவண பவன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். எந்த முடிவானாலும் அடுத்தது காபி என்று ஏற்பாடு. உங்கள் மகள் வேறு ஏதாவது சொல்வாள். அவள் சொன்னபடியே செய்யுங்கள்.

முதலில் அந்த டிரான்ஸ்கிரிப்ட் பட்டியல். பள்ளி மூடுவதற்குள்.

அன்புடன்,
உங்கள் கவுன்சிலர்